செவலைக்கு ரெண்டு மில்லி

பூனை மணலைக் கீறி உட்கார்ந்தது. எழுந்து இரண்டடி தள்ளிப்போய் இன்னொரு இடத்தில் கீறி உட்கார்ந்தது. வாலை விறைத்துக்கொண்டு முக்கிப் பார்த்தது. ஒன்றும் வரவில்லை. வாய் மட்டும் திறந்து மூடியது. கத்துகிறது போலிருக்கிறது என்று சென்னியம்மாள் நினைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருசம் மாவு மில் மோட்டருக்குப் பக்கத்தில் நின்றவளுக்குப் பூனை கத்துவதெல்லாம் காதில் விழுந்து வெகு நாளாகிவிட்டது.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க. செவலை இன்னிக்கும் முக்கிக்கிட்டே கெடக்குதுங்க."

பாலுசாமி உள்ளே கல் கொத்திக்கொண்டிருந்தார். கல் மழுங்கினால் மாவு கொரகொரவென்று விழும். மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மில்லை நிறுத்திவிட்டு, உளியால் கல்லின் வரிகளைத் தட்டித் தட்டி எழுப்புவார். அந்த ஒரு நாள்தான் அவர் மனைவியிடம் மோட்டர் சத்தத்துக்கு மேல் கத்தாமல் பேச முடிகிற நாள். அன்றைக்கும் பழக்கத்தில் கத்தினார்.

"பூனைன்னா நாலு பக்கம் போவும், நாலு பக்கம் பேலும். அது பின்னால நின்னு என்ன பண்றே?"

"நாலு நாளா பேலலீங்க. அதையத்தான் சொல்றேன்."

உளிச் சத்தம் நின்றது.

போத்தனூர் ஜங்ஷனுக்குத் தெற்கே, குடியிருப்புகள் நெருங்கிப்போன ஒரு சந்தில் இருந்தது அவர்கள் மில். முன்பக்கம் மில், பின்பக்கம் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையும் சமையல்கட்டும். செவலை ஐந்து வருசத்துக்கு முன் ராகி மூட்டைகளுக்கு இடையில் ஈரக்குட்டியாகக் கிடந்து கிடைத்த கடுவன் பூனை. காங்கேயத்துப் பக்கம் மாடுகளுக்கு நடுவில் பிறந்தவளுக்கு அந்தச் செம்பழுப்பு நிறத்துக்கு வேறு பேர் தோன்றவில்லை. அது வந்ததிலிருந்து மில்லில் எலி இல்லை என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொள்வாள். எலிக்காகத்தான் வைத்திருக்கிறோம் என்று பாலுசாமியும் சொல்வார். ஆனால் அவளிடம் பேச வேண்டுமென்றால் ஊரே கத்த வேண்டியிருந்தது. கத்திக் கத்திச் சலித்து, பாதிப்பேர் கையால் சைகை காட்டிவிட்டுப் போனார்கள். பூனை வந்து கெண்டைக்காலில் தலையை ஒரு முட்டு முட்டும். அதுக்கு அது போதும், இவளுக்கும் அது போதும். இடையில் ஒரு தடவை இரண்டு மாசம் காணாமலே போயிருந்தது. அப்போது அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பது பாலுசாமிக்குத் தெரியும். அதனால் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

சுந்தராபுரம் போகிற ரோட்டில் பிரவீனா என்று ஒரு சின்ன வயசு டாக்டரம்மா மிருக ஆஸ்பத்திரி வைத்திருந்தாள். பூனையின் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுத்தாள். படத்தை வெளிச்சத்தில் காட்டி, சென்னியம்மாளுக்குக் கேட்கும்படி கிட்டத்தில் வந்து சொன்னாள்.

"இங்க பாருங்கம்மா, இடுப்பெலும்பு. எப்பவோ நல்லா அடிபட்டிருக்கு. தானாச் சேந்திருக்கு, ஆனா கோணலாச் சேந்திருச்சு. அதனால மலம் வெளிய வர்ற வழி குறுகிப்போச்சு. உள்ள கல்லு மாதிரி தங்கிருச்சு."

"அடி எப்பங்கம்மிணி பட்டுச்சு? எனக்குத் தெரியாம?"

"ரெண்டு வருசம் இருக்கலாம். இப்ப எனிமா குடுத்து எடுத்துடறேன். ஆனா இது திரும்பத் திரும்ப வரும். மருந்து விடாமக் குடுக்கணும்."

"எத்தன நாளைக்குங்க?"

"அது இருக்கிற வரைக்கும்."

அப்படித்தான் மருந்து வீட்டுக்குள் வந்தது. தேன் மாதிரி கொழகொழவென்று ஒரு சிரப். ஊசியில்லாத சிரிஞ்சில் காலையில் ரெண்டு மில்லி, பொழுதோட ரெண்டு மில்லி. பால் கூடாது. அரசாணிக்காயை, அதாவது பரங்கிக்காயை, வேகவைத்து மசித்துச் சோற்றோடும் மீனோடும் பிசைந்து வைக்கலாம். சென்னியம்மாள் பூனையை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, கடைவாயோரம் சிரிஞ்சை நுழைத்துச் சொட்டுச் சொட்டாக விடப் பழகினாள். முதல் வாரம் அவள் கையெல்லாம் கீறல். மிளகாய் அரைக்கிற அன்றைக்கு அந்தக் கீறல் எரிகிற எரிச்சலில் கண்ணில் நீர் வரும். ஆனால் பத்தாம் நாள் செவலை மணல்குவியலில் ஒரே தடவை கீறி, ஒரே தடவை உட்கார்ந்து, வேலையை முடித்து மூடிவிட்டு வந்தது. அன்றைக்கு அவள் பாலுசாமிக்கு அரிசிபருப்புச் சோறு ஆக்கி, தாராளமாக நெய் விட்டாள்.

"பூனை பேண்டதுக்கு எனக்கு நெய்யா?" என்றார் அவர்.

"தின்னுங்க."

ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சந்துக்குள் புகுந்து மில் வாசலில் மாவைக் கிளப்பியது. ஆடி நோம்பிக்கு மாவு அரைக்க வந்தவர்கள் தூக்குப்போசிகளோடு படியில் நின்றார்கள். அந்தக் கூட்டத்தில்தான் செவலைக்கு வயிறு போக ஆரம்பித்தது. தண்ணீராகப் போனது. மூட்டைமேல், படியில், பாலுசாமியின் செருப்பில். சென்னியம்மாள் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். அவள் ஒரு மில்லியாகக் குறைக்கச் சொன்னாள். இவள் குறைத்தாள். நிற்கவில்லை. அரை மில்லி. அப்போதும் நிற்கவில்லை. பூனையின் முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது.

மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டரம்மா பூனையின் தோலைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள். தூக்கிய தோல் அப்படியே நின்றது. தோலுக்கடியில் சலைன் ஏற்றினாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த அளவுக்கு இப்படிப் போகாது. மருந்து ஊத்தினதை மறந்துட்டு, மறுபடியும் ஊத்திடறீங்களோ?"

சென்னியம்மாளுக்கு முதலில் காதில் விழவில்லை. பாலுசாமி அவள் காதருகே திருப்பிச் சொன்னார். புருசன் வாயால் கேட்டது இன்னும் மோசமாக இருந்தது.

"இல்லீங்க," என்றாள். "நான் மறக்கலீங்க."

வீட்டுக்கு வந்து பூனையைச் சாக்கில் படுக்க வைத்துவிட்டுப் புருசனைப் பார்த்தாள்.

"நீங்க எனக்குத் தெரியாம ஊத்துனீங்களா?"

"எனக்கென்ன கிறுக்கா?"

"அப்ப நாந்தான் ஊத்தறனாக்கும்?"

போன வாரம் அரைக்க வந்த பழனியாத்தாளின் கம்பு மாவைச் சின்னத்தாயியின் போசியில் அவள் கொட்டிக் கொடுத்ததைப் பாலுசாமி நினைத்துக்கொண்டிருந்தார். அவர் அதைத்தான் நினைக்கிறார் என்பது அவளுக்கும் தெரிந்தது. அவளுக்குப் பொக்கென்று போயிற்று. காது போனதற்கு அவள் கவலைப்பட்டதில்லை. மோட்டர் எடுத்துக்கொண்டது, மில் சோறு போடுகிறது, சரி. புத்தியும் போகிறது என்றால் யாரிடம் போய்ச் சொல்ல? மறுநாள் காலையில் மருந்து ஊற்றியதும் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டாள். பொழுதோட ஒரு கோடு. மூன்று நாள் ஆறு கோடு. ஆறுதான், ஏழில்லை. எண்ணி எண்ணிப் பார்த்தாள். ஆனாலும் பூனைக்கு நிற்கவில்லை. கோடு போடவே மறந்து ஊற்றியிருப்பேனோ என்று அப்புறம் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததும் மில் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

நாலாம் நாள் பூனையைக் காணோம். மதியம் வரைக்கும் பார்த்தாள். மூன்று மணிக்கு மில்லைப் புருசனிடம் விட்டுவிட்டுத் தேடக் கிளம்பினாள். ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் போனாள். அங்கேயிருந்த இலவமரத்துப் பஞ்சுதான் அதன் மீசையிலும் வயிற்றிலும் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று அவளுக்கு எண்ணம். மரத்தடியில் இல்லை. திரும்பும்போது குறுக்குச் சந்து வழியாக வந்தாள். அந்தச் சந்தில் ஒரு மெத்தைக் கடை உண்டு. வாசலில் கோடுபோட்ட துணியில் தைத்த மெத்தைகள் சுருட்டி நிறுத்தியிருந்தன. உள்ளே பஞ்சு குவிந்து கிடந்தது. அப்துல் கையூம் பாய் நீள ஊசியால் மெத்தையின் ஓரம் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், தரையில், அவர் சம்சாரம் பக்ருன்னிசா உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் துண்டு சுற்றிய பூனை. கையில் ஊசியில்லாத சிரிஞ்சு. பக்கத்தில் அதே பாட்டில், அதே மூடி.

"வாயைத் தொற ராஜா. ரெண்டு மில்லிதான். ஜாங்கிரி, என் கண்ணு, கடிக்காதடா."

சென்னியம்மாளுக்கு அந்தச் சொற்கள் கேட்கவில்லை. ஆனால் பார்த்தது போதுமாயிருந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பூனைக்காகக் கோபம் வரும் முன்னால், அது வேறு யார் மடியிலோ கிடக்கிறதே என்று வயிறு எரியும் முன்னால், அவளுக்கு வந்தது ஒரே ஒரு நினைப்பு. நான் மறக்கலை. நான் மறக்கவே இல்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணில் தண்ணியும் வந்தது.

பக்ருன்னிசா நிமிர்ந்து பார்த்தாள். "யாருங்கக்கா? மெத்தைங்களா?"

"அது எங்க பூனைங்க," என்றாள் சென்னியம்மாள். அவள் குரல் எப்போதும்போல உரக்கத்தான் வந்தது. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று பாய் ஊசியைக் கீழே வைத்தார்; புருசன் பெண்டாட்டி ரெண்டு பேர் குரலும் உயர்ந்தது.

"எது, ஜாங்கிரியா?" என்றார் பாய். "இது நம்ம பூனைங்கம்மா. ரெண்டு வருசமா நம்ம கடையிலதான் கெடக்குது."

"அஞ்சு வருசமா எங்க மில்லுலங்க. என்ற கையிலதான் வளந்துச்சு. செவலைன்னு பேரு."

"மில்லா? மாவு மில்லா?" பக்ருன்னிசா பூனையின் முதுகைத் தடவிப் பார்த்தாள். "ஏங்க, நான் சொன்னேனில்ல, முதுகெல்லாம் வெள்ளையா வருதுன்னு? நீங்க பரோட்டாக் கடை மாவுன்னீங்க."

"மருந்து எத்தன நாளாக் குடுக்கறீங்க?"

"ஒரு மாசம் இருக்கும்ங்கக்கா. முக்கிக்கிட்டே கெடந்துச்சு. டவுனுல ஒரு டாக்டர்கிட்டக் காட்டினோம். காலையில ரெண்டு மில்லி, சாயங்காலம் ரெண்டு மில்லி. இப்ப வயிறு போவுது, ஆனாலும் நிறுத்தக் கூடாதுன்னு அவர் சொன்னாருங்க. அதான்..."

"நானும் குடுக்கறேனுங்க," என்றாள் சென்னியம்மாள். "நானுந்தான் காலையில, பொழுதோட. மொதல்ல ரெண்டு மில்லி, இப்ப அரை."

மூன்று பேரும் பூனையைப் பார்த்தார்கள். அது துண்டுக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் சென்னியம்மாள் கையை நீட்டினாள். பக்ருன்னிசா துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"குடுங்க. ஊட்டுக்குக் கொண்டுபோறேன்."

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால இது ஆட்டோச் சக்கரத்துல மாட்டி, பின்னங்காலை இழுத்துக்கிட்டு நம்ம வாசல்லதான் வந்து விழுந்துச்சு. ரெண்டு மாசம் பஞ்சுப் பெட்டியில போட்டு வச்சிருந்தேன். மூத்திரம் கூடத் தானாப் போகாது. நாந்தான் வயித்தை அமுக்கி அமுக்கி எடுத்து விட்டேன். அப்ப யாரும் தேடி வரலைங்களே?"

இரண்டு மாசம். சென்னியம்மாள் அந்த இரண்டு மாசத்தில் ஜங்ஷன் வரைக்கும் நடந்து தேடியிருந்தாள். இரண்டு சந்து தள்ளித் தேடவில்லை. மெத்தைக் கடையில் பூனை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? அதைச் சொல்ல வாயெடுத்தாள். சொல்வதில் ஒன்றுமில்லை என்று தோன்றியது.

"நான் தேடுனேனுங்க," என்று மட்டும் சொன்னாள்.

அந்த நேரம் செவலை துண்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தது. வெறும் நுரை. பிறகு தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பக்ருன்னிசா, "யா அல்லா," என்றாள். சென்னியம்மாள் அதன் வாயைத் திறந்து பார்த்தாள். ஈறு வெள்ளையாகக் கிடந்தது.

"பாய், ஆட்டோவைக் கூப்பிடுங்க. வெசயாப் போவணும். எங்க டாக்டரம்மா பக்கத்துலதான்."

ஆட்டோவில் பூனையின் தலை ஒருத்தி மடியிலும் வால் இன்னொருத்தி மடியிலும் கிடந்தன. வழியில் சென்னியம்மாள் பாலுசாமிக்குப் போன் போட்டாள். "ஏனுங்க, நான் மறக்கலீங்க!" என்று கத்தினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னமோ நடந்திருக்கிறது என்று மில்லைப் பூட்டிக்கொண்டு வண்டியில் வந்தார்.

டாக்டரம்மா கதையைக் கேட்டுக்கொண்டே நரம்பில் ஊசி போட்டாள். முடித்துவிட்டு முதலில் சென்னியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, உங்களைத் தப்பாச் சொல்லிட்டேன்."

"அதை உடுங்கம்மிணி. இது பொழைக்குமா?"

"பொழைக்கும். ஆனா இப்படி ரெண்டு வீட்டுல திரிஞ்சா நான் அளவு கண்டுபிடிக்கவே முடியாது. ஒரே வீட்டுல, கதவைச் சாத்தி, பத்து நாள் வச்சிருக்கணும். ரெண்டு நாளைக்கு மருந்தே வேண்டாம். அப்பறம் சிரப்போட குடலை அசைய வைக்கிற மாத்திரையும் சேத்துத் தர்றேன். எவ்வளவு தின்னுச்சு, எப்பப் போச்சு, எனக்கு ஒரே ஆள் சொல்லணும். அடுத்த வியாழக்கிழமைக்குள்ள ஒழுங்காப் போகலைன்னா ஆபரேஷன்தான். இந்த உடம்பு அதைத் தாங்குமான்னு எனக்கே தெரியலை."

எந்த வீட்டில் என்று யாரும் கேட்கவில்லை. பாலுசாமி மனைவியைப் பார்த்தார். அவரைக் கேட்டிருந்தால் 'தூக்கிட்டு வா' என்றுதான் சொல்லியிருப்பார். சென்னியம்மாள் தன் வீட்டை நினைத்துப் பார்த்தாள். மோட்டர், மாவு, மிளகாய் நெடி, சாத்த ஒரு கதவு இல்லை; மில்லுக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் ஒரு திரைதான். நோம்பிக் கூட்டம் வேறு.

"உங்கூட்டுல மாடி ரூம்பு இருக்குதுங்களா?" என்று பக்ருன்னிசாவிடம் கேட்டாள்.

"இருக்குதுங்கக்கா. கதவு சாத்திக்கலாம்."

"அப்ப அங்கயே இருக்கட்டும்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நான் காத்தால வந்து பாத்துக்கட்டுமா?" என்றாள்.

"இதென்ன கேள்விங்க. தினமும் வாங்க. எனக்கு மாத்திரை போடத் தெரியாதுக்கா. சிரப்பாவது துண்டு சுத்தி ஊத்திடுவேன்."

அப்படித்தான் சென்னியம்மாள் விடிந்ததும் மெத்தைக் கடை மாடி ஏறினாள். பக்ருன்னிசா துண்டைச் சுற்றிப் பிடிப்பாள். சென்னியம்மாள் பெருவிரலால் மேல்தாடையைத் தூக்கி, அரை மாத்திரையை நாக்கின் அடிவரைக்கும் தள்ளி, வாயை மூடித் தொண்டையைக் கீழ்நோக்கித் தடவிவிடுவாள். பூனை நாக்கால் மூக்கை நக்கினால் மாத்திரை இறங்கிவிட்டது என்று கணக்கு. பிறகு டீயும் வர்க்கியும் வரும். அவளிடம் பேசக் கத்த வேண்டும் என்பது பக்ருன்னிசாவுக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. அதற்காக அவள் பேச்சைக் குறைக்கவில்லை. சந்துக்கே கேட்கும்படி தன் மகள் இஃப்ராவின் நர்சிங் படிப்பைப் பற்றியும், இலவம்பஞ்சை விட்டு ஃபோம் மெத்தைக்குப் போகிறவர்களைப் பற்றியும் சொன்னாள்.

"ஃபோமுல படுத்தா முதுகு வேகுதுங்கக்கா. சொன்னாக் கேக்கறாங்களா?"

"அப்படித்தானுங்க. பாக்கெட் மாவுல களி கிண்டித் தின்னுபோட்டு ருசியில்லை, ஒணத்தியே இல்லைன்னு எங்கிட்ட வந்து சொல்றாங்க."

"செவலைங்கறீங்களே, கூப்பிட்டா வருதா?"

"எங்கிட்ட வரும். நீங்க கூப்பிட்டா?"

"எனக்கும் வரும்," என்றாள் பக்ருன்னிசா. இரண்டு பேரும் சிரித்தார்கள். செவலை அல்லது ஜாங்கிரி, ஜன்னல் மேடையில் காற்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தது.

மில்லில் அந்த நாட்கள் நன்றாக இல்லை. நாலாம் நாளே மூட்டைக்குப் பின்னால் எலிப் புழுக்கை கிடந்தது. பாலுசாமி கூட்டித் தள்ளினார். சென்னியம்மாள் மோட்டரைப் போடும்போது ஒவ்வொரு தடவையும் காலடியைப் பார்த்துவிட்டுத்தான் போட்டாள். பூனை அங்கே இல்லை என்று தெரிந்தேதான் பார்த்தாள்.

வயிற்றுப்போக்கு நின்றது. மீனும் அரசாணிக்காயும் தின்றது. ஆனால் நின்றது நின்றதுதான். ஞாயிறு போகவில்லை. திங்கள் போகவில்லை. செவ்வாய் மணல் தட்டில் இறங்கிக் கீறிப் பார்த்துவிட்டு ஏறிவிட்டது. புதன்கிழமை டாக்டரம்மா வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "இருக்குது உள்ள. சிரப்பை அரை மில்லி கூட்டுங்க. நாளைக்குப் பாக்கலாம்," என்றாள். சென்னியம்மாள் படியிறங்கும்போது கையூம் பாய் சொன்னார்: "நான் அஸர் தொழுகைக்குப் போறேன்மா. கேட்டு வைக்கிறேன்." அவள், "நானும் மாரியம்மனுக்குச் சொல்லிருக்கேனுங்க பாய்," என்றாள்.

வியாழக்கிழமை காலையிலும் ஒன்றுமில்லை. மாத்திரை போட்டுவிட்டு வந்து மில்லைத் திறந்தாள். ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள். படி நிறைய ஆள். பழனியாத்தாளின் ராகி கல்லில் ஓடிக்கொண்டிருந்தது. சின்னத்தாயி மிளகாயோடு அடுத்து நின்றாள். பத்தரை மணி இருக்கும். இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். பக்ருன்னிசா.

ராகி பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டரை நிறுத்தக் கூடாது, கல் அடைத்துக்கொள்ளும். இருபத்திரண்டு வருசத்தில் மகன் மதன்குமார் பெங்களூரிலிருந்து கூப்பிட்டபோதும் அவள் நிறுத்தியதில்லை. அன்றைக்கு எட்டி சுவிட்சைத் தட்டினாள். பெல்ட் தடதடத்து நின்றது. சட்டென்று வந்த அமைதியில் படியிலிருந்தவர்கள் எல்லாரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சொல்லுங்க! என்னங்க? கத்திச் சொல்லுங்க, கேக்கலை!"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஆயிருச்சா? நெசமாவா? எந்நேரத்துக்குங்க?"

பழனியாத்தாள் சின்னத்தாயியின் கையைப் பிடித்தாள்.

"ரொம்பக் கஷ்டப்பட்டுச்சா? சும்மா லேசா வந்துருச்சா? அம்மா தாயே மாரியாத்தா! டாக்டரம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா? அப்ப ஆபரேஷன் வேண்டாம்ல? வேண்டாம்னுட்டாங்களா? இப்ப எப்படியிருக்குது? தூங்குதா? தூங்கட்டும், தூங்கட்டும், அலுங்காமப் பாத்துக்குங்க. நான் மில்லை மூடிட்டு வாரேன்!"

போனை இடுப்பில் செருகினாள். மாவு படிந்த கையால் கண்ணைத் துடைத்தாள். கன்னத்தில் ராகி மாவு ஈரத்தோடு அப்பிக்கொண்டது. கல்லுக்குப் பக்கத்தில் நின்ற பாலுசாமி துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, தும்முகிற மாதிரி திரும்பி நின்றார்.

படியிலிருந்தவர்கள் எழுந்து கிட்டத்தில் வந்துவிட்டார்கள். பழனியாத்தாளுக்குச் சந்தோசத்தில் மூச்சு வாங்கியது. சென்னியம்மாளின் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினாள்:

"மதன்குமாரு சம்சாரத்துக்குங்களா? சொல்லவே இல்லையே அம்மணி! என்ன கொழந்தை?"

சென்னியம்மாள் அவளைப் பார்த்தாள். படியிலிருந்த எல்லா முகங்களையும் பார்த்தாள்.

"பையந்தானுங்க," என்று சொல்லிவிட்டு மோட்டரைப் போட்டாள்.